வெள்ள உதவிப் பட்டியலில் லயத்து வீடுகள் ஏன் விடுபடுகின்றன?

மலேசியாவின் ஜொகூர் மாநில உட்பகுதியில் இருக்கும் ஓர் எஸ்டேட் டவுனின் கோயில் நிர்வாகக் குழு கேட்ட கேள்வி இது: "ஒரே ஆற்றுத் தண்ணீர்தான் தாமானுக்குள்ளும் (வீடமைப்புப் பகுதி) வந்தது, லயத்துக்குள்ளும் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) வந்தது. தாமான்காரர்களுக்கு வாங் இஹ்சான் (அரசின் வெள்ள உதவித் தொகை) கிடைத்துவிட்டது. லயத்தில் பாதிப் பேருக்கு இன்னும் வரவில்லை. இது பாகுபாடா, அலட்சியமா? அடுத்த மழைக்குள் நாங்கள் என்ன செய்யலாம், மாவட்ட அலுவலகத்திடம் என்ன கேட்கலாம்? எங்கள் கோயில் மண்டபத்தை அதிகாரபூர்வ துயர்துடைப்பு மையம் ஆக்க முடியுமா?"

பாகுபாடு எங்குமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த மாதிரிப் புகார்களைப் பிரித்துப் பார்த்தால், பத்துக்கு எட்டில் கோளாறு இருப்பது ஒரே இடத்தில்தான்: பட்டியலில். பணம் வருவதற்கு ரொம்ப நாள் முன்பே பெயர் விழுந்துவிடுகிறது. அதனால் பதிலில் பெரும்பகுதி பட்டியலைப் பற்றித்தான் இருக்கும்.

பணம் வரும் பாதையை முதலில் பார்த்துவிடுவோம். மேலே நட்மா இருக்கிறது. பிரதமர் துறையின் கீழ் 2015 அக்டோபரில் அமைத்த பேரிடர் நிர்வாக நிறுவனம் அது. அதற்குக் கீழே மாநிலக் குழு, அதற்கும் கீழே மாவட்டக் குழு. உங்கள் விவகாரம் முழுக்க மாவட்டக் குழுவில்தான் நடக்கிறது. தலைவர் மாவட்ட அதிகாரி, அதாவது டி.ஓ. செயலக வேலையைப் பார்ப்பது பொதுத் தற்காப்புப் படையான ஏ.பி.எம். நாமெல்லாம் பி.பி.எஸ். என்று சொல்லும் துயர்துடைப்பு மையத்தை நடத்துவது சமூகநல இலாகாவான ஜே.கே.எம். குடும்பத் தலைவருக்கு 1,000 ரிங்கிட் வாங் இஹ்சான், உயிர்ப்பலி நேர்ந்தால் வாரிசுக்கு 10,000 ரிங்கிட் என்ற தொகைகள் 2021 டிசம்பர் பெருவெள்ளத்திலிருந்து எல்லாருக்கும் தெரிந்தவை. நிபந்தனைகள் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் கொஞ்சம் மாறும். போன தடவைச் சொன்னதை வைத்துக்கொண்டு இந்தத் தடவை வாதாட முடியாது. அந்தந்த அறிவிப்பைப் படித்தாக வேண்டும்.

பி.பி.எஸ்.ஸுக்குப் போனவருடைய பெயர் ஜே.கே.எம். பதிவிலிருந்து தானாகவே அடுத்த மேசைக்கு நகரும். போகாதவருடைய பெயர், "ஆமாம், இவர் வீட்டில் தண்ணீர் ஏறியது" என்று யாராவது பொறுப்பில் உள்ளவர் கையெழுத்துப் போட்டால்தான் நகரும். கம்போங்கில், அதாவது கிராமத்தில், அதற்கு கெத்துவா கம்போங் என்ற கிராமத் தலைவர் இருக்கிறார், அவருக்கு மேல் பெங்ஹுலு என்ற வட்டாரத் தலைவர் இருக்கிறார். தாமானில் குடியிருப்போர் சங்கம் இருக்கிறது, மதிப்பீட்டு வரி ரசீது இருக்கிறது. லயத்தில் யார் இருக்கிறார்? நிலம் கம்பெனியுடையது. கம்போங் நிர்வாகக் குழுவின் எல்லை தோட்டத்து கேட்டோடு நின்றுவிடும். உள்ளே கையெழுத்துப் போடக்கூடியவர் மானேஜர் ஒருவர்தான். அவருக்கோ கையெழுத்துப் போடத் தயக்கம். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பதிவு மேசையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். இரவு பதினொரு மணி. லாரியிலிருந்து முப்பது பேர் நனைந்தபடி இறங்குகிறார்கள். மேசையில் ஒரே ஓர் ஊழியர். அடையாள அட்டையான ஐ.சி.யைக் காட்டச் சொல்கிறார். அதில் இருப்பது 'லாடாங்' (தோட்டம்) என்று தொடங்கும் பழைய முகவரி. அந்தத் தோட்டம் இரண்டு தடவை கைமாறிவிட்டது. டிவிஷன் எண் மாறிவிட்டது, பெயர்ப்பலகையே மாறிவிட்டது. ஊழியரின் பட்டியலில் அந்த இடப்பெயர் இல்லை. பின்னால் வரிசை நிற்கிறது. பக்கத்துக் கம்போங்கின் பெயரை எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுகிறார். பத்து நாள் கழித்து அந்தக் கம்போங்கின் தலைவர் பெயர்களைச் சரிபார்க்கிறார். "இவரை எனக்குத் தெரியாது, என் கம்போங்கில் இல்லை" என்று கோடு போடுகிறார். அவர் சொன்னது உண்மைதான். ஊழியர் செய்ததிலும் வஞ்சகம் இல்லை. ஆனால் குடும்பம் பட்டியலிலிருந்து போய்விட்டது.

அதே மேசையில் விழும் இன்னொரு அடி, "எத்தனை குடும்பம்?" என்ற கேள்வி. லயத்து வீட்டில் பாட்டி, மூத்த மகன் குடும்பம், இளைய மகன் குடும்பம் என்று ஒன்பது பேர். "ஒரே வீடுதாங்க" என்று பாட்டி சொல்வார். ஒரு குடும்பத் தலைவர் என்று பதிவாகிவிடும். சமையல் தனி, வருமானம் தனி, திருமணப் பதிவும் இருக்கிறது என்றால் தனித்தனிக் குடும்பமாக எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும். ஏற்பதும் மறுப்பதும் மாவட்டத்தின் முடிவு. ஆனால் பதிவிலேயே இல்லாத குடும்பத்தைப் பரிசீலிக்க எந்த அதிகாரியாலும் முடியாது. தனித்து வாழும் தாய்மார் விஷயம் இதைவிட மோசம். புருஷன் போய் ஏழு வருஷம் ஆகியிருக்கும், குடும்பத் தலைவர் என்று அவர் பெயரே ஓடிக்கொண்டிருக்கும். பணம் அவர் கணக்குக்குப் போய்ச் சேரும். பதிவு மேசையில் 'குடும்பத் தலைவி நான்' என்று சொல்லச் சொல்லிக் கொடுங்கள். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரமும், சத்தியப் பிரமாணக் கடிதமும் முன்கூட்டியே தயாராக இருந்தால் வாக்குவாதம் இல்லை.

பி.பி.எஸ்.ஸுக்குப் போகாமல் கோயில் மண்டபத்திலோ சொந்தக்காரர் வீட்டிலோ தங்கியவர்கள் அடுத்த கூட்டம். தண்ணீர் ஏறியது அதே அளவுதான். ஆனால் ஜே.கே.எம். கணக்கில் அவர்கள் இல்லவே இல்லை. நம் ஆட்களில் இந்தக் கூட்டம்தான் பெரிது. சாப்பாடு, கழிவறை, பெண்பிள்ளைகளின் பாதுகாப்பு என்று காரணங்கள் நியாயமானவை. நியாயமான காரணம் என்பதற்காகப் பெயர் தானாக ஏறிவிடாது.

சரி, என்ன செய்வது?

செப்டம்பர் மாதம் உட்கார்ந்து லயத்துப் பட்டியலை எழுதுங்கள். வடகிழக்குப் பருவமழை நவம்பரிலிருந்து மார்ச் வரை. 2023-இல் ஜொகூரைப் புரட்டிப் போட்ட வெள்ளம் மார்ச்சில்தான் வந்தது, மழை ஓய்ந்துவிட்டது என்று எல்லாரும் பாயைக் காயவைத்த நேரத்தில். ஆகவே ஏப்ரல் வரை பட்டியல் உயிரோடு இருக்க வேண்டும்; ஜனவரியில் ஒரு தடவை திருத்தினால் போதும். ஒரு வரி ஒரு குடும்பம். வரிசை எண், வீட்டு எண், குடும்பத் தலைவர் பெயர், ஐ.சி. எண், ஐ.சி.யில் உள்ள முகவரியும் இப்போது வசிக்கும் இடமும் தனித்தனியாக, மொத்த ஆள், 2 வயதுக்குக் கீழ் எத்தனை, 60-க்கு மேல் எத்தனை, மாற்றுத்திறனாளி அட்டை உண்டா, டயாலிசிஸ் அல்லது இன்சுலின் உண்டா, கர்ப்பிணி என்றால் எத்தனையாவது மாதம், வாகனம் உண்டா, வங்கிக் கணக்கு இயங்குகிறதா. நோய் விவரம் உள்ள பக்கத்தைத் தனியாக வையுங்கள். அதை வாட்ஸ்ஆப்பில் போடாதீர்கள்.

டயாலிசிஸ் பத்தியை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், வாரத்துக்கு மூன்று தடவை போக வேண்டியவர்கள் அவர்கள். தோட்டத்துச் செம்மண் பாதை இரண்டு நாள் மூழ்கினாலே ஒரு தவணை போய்விடும். உடம்பில் நீரும் பொட்டாசியமும் ஏறி, உயிருக்கே ஆபத்தாகிவிடும். அவர்களை மற்றவர்களுக்கு ஒரு கட்டம் முன்பே வெளியே கொண்டுபோய்விட வேண்டும், டவுனில் டயாலிசிஸ் மையத்துக்கு அருகில். இன்சுலின்காரர்களுக்கு அவ்வளவு பதற்றம் வேண்டாம். திறந்த இன்சுலின், 30 பாகை செல்சியசுக்குக் கீழே இருந்தால், பெரும்பாலான வகைகள் நான்கு வாரம் தாங்கும். ஈரத்துணி சுற்றிய மண்சட்டி போதும்.

இப்போது மானேஜரின் கையெழுத்து. லயத்தில் இருப்பவர்களில் பலர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். தொழிலாளர் குடியிருப்பு, வசதிகளுக்கான குறைந்தபட்சத் தரம் பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டம், 446-ஆவது சட்டம் என்பார்களே, அது பேசுவது தொழிலாளியையும் அவரைச் சார்ந்தவர்களையும் பற்றி. ஓய்வு பெற்றவர் அதற்குள் வசதியாக உட்காருவதில்லை. நாளைக்கு வீட்டைக் காலி செய்யச் சொல்லி வழக்கு வந்தால், 'இவர் இங்கே வசிக்கிறார் என்று நீங்களே எழுதிக் கொடுத்தீர்களே' என்று எதிர்த்தரப்பு வக்கீல் காட்டுவார் என்பதுதான் கம்பெனியின் பயம். அந்தப் பயத்தைப் பரிகாசம் செய்து பயனில்லை. கடிதத்தின் வாசகத்தில் அதைத் தீர்த்துவிடலாம். "கீழே உள்ளவர்கள் இன்ன தேதியில் இன்ன வரிசை வீடுகளில் தங்கியிருந்தார்கள் என்பதையும் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்ததையும் மட்டும் உறுதிப்படுத்துகிறோம். நிலம், வீடு பற்றிய எந்த உரிமையையும் இக்கடிதம் தருவதுமில்லை, பறிப்பதுமில்லை." இதை மலாயில் எழுதி, பெயர்ப் பட்டியலை இணைத்து, தேதிக்கும் கையெழுத்துக்கும் மட்டும் இடம் விட்டு, மழைக்கு முன்பே தோட்ட ஆபீசில் ஒப்புதல் வாங்கி வையுங்கள். தலைமை எழுத்தரான பெரிய கிராணியிடம் ஒரு பிரதி இருக்கட்டும். மானேஜர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், கிராணி இருப்பார்.

அப்படியும் கையெழுத்து வராவிட்டால் மாற்று ஆதாரம் வேண்டும். மின்கட்டண பில் என்று பலரும் சொல்வார்கள். பல தோட்டங்களில் மொத்த மீட்டர்தான், வீட்டுக்குத் தனி பில் கிடையாது. தமிழ்ப்பள்ளியில் பிள்ளையின் பதிவில் உள்ள முகவரி, கிளினிக் புத்தகம், வாக்காளர் பட்டியல் விவரம் ஆகிய மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் எந்த அதிகாரியும் யோசிக்காமல் ஒதுக்க முடியாது. தண்ணீர் வடிந்ததும், கழுவுவதற்கு முன், சுவரில் உள்ள சேற்றுக்கோடும் வீட்டு எண்ணும் ஒரே படத்தில் வருகிற மாதிரிப் போனில் படம் எடுங்கள். வீட்டைப் பளிச்சென்று கழுவிவிட்டுப் படம் எடுப்பது நம் வழக்கம். அந்தப் படத்துக்கு மதிப்பில்லை.

வீடு பழுதுபார்க்கும் உதவி வேறு கணக்கு. அது வீட்டு உரிமையாளரை நோக்கியது. லயத்து வீடு கம்பெனியுடையது என்பதால் சுவர், கூரை, கம்பி வேலை எல்லாம் கம்பெனியின் தலையில். குடியிருப்பவர் கேட்க வேண்டியது சாமான்களுக்கு. 2021 வெள்ள இழப்பைப் புள்ளிவிவரத் துறை சுமார் 610 கோடி ரிங்கிட் என்று மதிப்பிட்டது. அதில் வாகன இழப்பே ஏறக்குறைய 100 கோடி. லயத்துக் குடும்பத்துக்கு மோட்டார் சைக்கிள்தான் வேலை. அதை மேட்டில் ஏற்றுவதற்கு ஒதுக்கும் அரைமணி நேரம், பிறகு நிரப்பும் எந்தப் பாரத்தையும் விட அதிகப் பணம் மிச்சப்படுத்தும்.

கோயில் மண்டபத்தை அதிகாரபூர்வ பி.பி.எஸ். ஆக்க முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். முடியும், ஆனால் அன்றைக்குப் போன் செய்து ஆகாது. சமூகநல இலாகாவுக்கு எழுதி, சுகாதாரத் துறை, தீயணைப்புத் துறையான போம்பா, ஏ.பி.எம். ஆட்கள் வந்து பார்த்த பிறகுதான் பட்டியலில் ஏறும். அவர்கள் வருவதற்கு முன் நீங்களே கணக்குப் போடுங்கள். 30 அடிக்கு 60 அடி மண்டபம் என்றால் சுமார் 167 சதுர மீட்டர். சர்வதேச நிவாரண அளவுகோலான ஸ்ஃபியர் சொல்வது ஆளுக்கு 3.5 சதுர மீட்டர். நடைபாதைக்கு ஐந்தில் ஒரு பங்கை விட்டால் 38 பேர். திருவிழாவுக்கு முந்நூறு பேர் உட்கார்ந்த மண்டபம் என்று பெருமைப்பட்டு 120 என்று எழுதிக் கொடுத்தால் இரண்டாம் நாள் சண்டைதான். 20 பேருக்கு ஒரு கழிவறை, ஆக இரண்டு. ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று என்ற விகிதம் நல்லது. இரண்டே இருந்தால் இரண்டையும் பெண்களுக்கு விட்டு ஆண்களுக்கு வெளியே தற்காலிக ஏற்பாடு செய்யுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் தண்ணீர் என்றால் 570 லிட்டர். 400 கேலன் தொட்டி மூன்று நாள் வரும். அரிசி, ஆளுக்கு வேளைக்கு 100 கிராம் என்று வைத்தால் 4 கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

பெரிய கேள்வி மண்டபத்தின் தரைமட்டம். பல தோட்டக் கோயில்களும் தமிழ்ப்பள்ளிகளும் லயத்தை ஒட்டி, ஓடைக்குப் பக்கத்தில் தாழ்வான இடத்தில் இருக்கின்றன. கடந்த வெள்ளத்தில் வாசற்படி நனைந்திருந்தால் அந்த யோசனையைக் கைவிட்டு, மேட்டில் உள்ள பள்ளியைக் கேளுங்கள். கோயில் மண்டபத்தில் மலாய்க் குடும்பங்கள் தங்கச் சங்கடப்படுவார்கள் என்பதையும் மாவட்டம் யோசிக்கும். கலந்து வாழும் டவுனில் பள்ளி மண்டபமே எளிது. அதிகாரபூர்வம் ஆகாவிட்டால் இன்னொரு வழி இருக்கிறது. மண்டபத்தில் தங்குபவர்களின் பெயர்களை முதல் நாள் இரவே எழுதி, மறுநாள் காலை பி.பி.எஸ். பதிவு மேசையில் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். மூன்று நாள் கழித்துக் கொடுத்த பட்டியல் சந்தேகத்துக்குரியதாகத்தான் தெரியும்.

சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. பி.பி.எஸ். சமையல் ஹலால், அதில் பேச்சில்லை. மழைக்காலம் நமக்குக் கார்த்திகை, மார்கழி, தை. ஐயப்பனுக்கு மாலை போட்டவர்களும் தைப்பூசத்துக்கு விரதம் இருப்பவர்களும் அந்த மையத்தில்தான் இருப்பார்கள். பதிவின்போதே 'சைவம் எத்தனை பேர்' என்று ஓர் எண்ணைக் கொடுத்தால், தனிப் பானையும் தனிக் கரண்டியும் வைப்பது பெரிய வேலையில்லை. எண் கொடுக்காமல் தட்டைத் திருப்பிக் கொடுத்தால் 'இவர்கள் சாப்பாடு வேண்டாம் என்கிறார்கள்' என்று எழுதிவிடுவார்கள்.

ஐ.சி. நிறமும் குறுக்கே வரும். வாங் இஹ்சான் குடிமக்களை வைத்து வகுத்தது. குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு ஐ.சி. வைத்திருக்கும் தாத்தாக்கள் எஸ்டேட்டில் இன்னும் இருக்கிறார்கள். வீட்டில் குடியுரிமை உள்ள வயதுவந்த பிள்ளையோ மனைவியோ இருந்தால், குடும்பத் தலைவராக அவர் பெயரைச் செப்டம்பர் பட்டியலிலேயே முடிவு செய்யுங்கள். ஆனால் காப்பாற்றுவதும் தங்கவைப்பதும் சோறு போடுவதும் ஐ.சி. பார்த்துச் செய்கிற காரியமில்லை. ஹாஸ்டலில் இருக்கும் வங்காளதேசத் தொழிலாளர்களையும் தலைக்கணக்கில் சேர்த்துக் கொடுங்கள், படகு எண்ணிக்கைக்கு அது தேவை.

எச்சரிக்கைக்கு வருகிறேன். வடிகால், நீர்ப்பாசன இலாகாவான ஜே.பி.எஸ். ஆற்று மட்டத்தைச் சாதாரணம், வஸ்படா (விழிப்பு), அமாரான் (எச்சரிக்கை), பஹாயா (அபாயம்) என்று நான்காகச் சொல்கிறது. பாட்டிக்குச் சிக்கல் மலாய்ச் சொல்லில் இல்லை. அமாரான் என்றால் தான் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, அதுதான் சிக்கல். வஸ்படாவில் மோட்டார் சைக்கிள் மேட்டுக்கு, பத்திரங்கள் பிளாஸ்டிக் பைக்குள். அமாரானில் டயாலிசிஸ்காரர், கைக்குழந்தை, நடக்க முடியாதவர் வெளியே. பஹாயாவில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு எல்லாரும் வெளியே. இருபது விநாடி தமிழ்க் குரல்செய்தியாகப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஜே.பி.எஸ். அளவுகோல் பத்துக் கிலோமீட்டர் தள்ளிப் பாலத்தில் இருக்கும். லயத்தை மூழ்கடிப்பது பெரும்பாலும் பின்னால் உள்ள பாரிட் என்ற வடிகால் வாய்க்காலும், செம்பனை மட்டை அடைத்த, பாதைக்கு அடியில் போகும் வடிகால் குழாயும்தான். தோட்டத்துக்குள் இருக்கும் பாரிட்டைத் தூர்வாருவது கம்பெனியின் வேலை. குழாய்க்குப் பக்கத்தில் ஒரு கம்பம் நட்டு, மிகத் தாழ்ந்த வீட்டின் தரைமட்டத்தில் சிவப்பும், அதற்கு இரண்டு அடி கீழே மஞ்சளும் பூசுங்கள். மஞ்சள் தொட்டதும் குரல்செய்தி போகட்டும், ஆற்று மட்டம் என்னவாக இருந்தாலும்.

வடிந்த பிறகு எலிச்சிறுநீர்க் காய்ச்சல். ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்றால் கிளினிக்கில் 'வெள்ளத்தில் நடந்தேன்' என்று முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும்.

மாவட்ட அலுவலகத்திடம் என்ன கேட்பது? பெரிய கொள்கை எதுவும் வேண்டாம், மூன்று சின்ன விஷயம். பதிவுப் பட்டியலில் ஒவ்வொரு தோட்டமும் டிவிஷனும் தனி இடப்பெயராக ஏற வேண்டும். பழைய பெயரும் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு தோட்டத்துக்கும் சரிபார்ப்பவர் இருவர், நிர்வாகத்திலிருந்து ஒருவர், குடியிருப்பவர்களிலிருந்து ஒருவர். ஒருவர் கையெழுத்தே முதல்கட்டத்துக்குப் போதும், பத்தில் ஒரு வீட்டை நேரில் போய்ப் பார்த்தால் மோசடி பிடிபடும். பணம் போடுவதற்கு முன் மூன்று நாள், ஐ.சி. எண் இல்லாமல் பெயரும் வீட்டு எண்ணும் மட்டும் உள்ள பட்டியலைக் கோயில், சூராவ் (சிறு தொழுகையிடம்), மளிகைக் கடைச் சுவர்களில் ஒட்ட வேண்டும்.

இதோடு, குடியிருப்புவாரியாக நான்கு எண்களைக் கேளுங்கள்: தண்ணீர் புகுந்த வீடு, பதிவான குடும்பம், பணம் பெற்ற குடும்பம், பணம் சேர எடுத்த நாள். உதாரணத்துக்கு, தாமானில் 80 வீட்டுக்கு 78 பதிவு, லயத்தில் 60 வீட்டுக்கு 31 பதிவு என்று வந்தால், கோளாறு பதிவு மேசையில். பதிவு 58, பணம் 30 என்றால் சரிபார்ப்பில். எங்கே ஓட்டை என்று தெரியாமல் 'எங்களைப் புறக்கணிக்கிறார்கள்' என்று மனு எழுதினால் பதிலும் அதே பொதுப்படையில்தான் வரும்.

இந்தத் தடவை விடுபட்டவர்களுக்கு, தனித்தனியாகப் போய் நிற்காமல் ஒரே கோப்பாகக் கொடுங்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு தாள்: பெயர், ஐ.சி., வீட்டு எண், எங்கே தங்கினார், யார் சாட்சி, சேற்றுக்கோட்டுப் படம். மாவட்ட அலுவலகத்தில் முத்திரையும் தேதியும் வாங்கி, ஒரு பிரதியைச் சட்டமன்ற உறுப்பினர் சேவை மையத்துக்கு. இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் அதே கோப்பை பொதுப் புகார்ப் பிரிவுக்கு அனுப்பிப் புகார் எண்ணை வாங்கிவிடுங்கள். எண் இருக்கும் புகாரை மறக்க முடியாது. வெள்ளத்தில் ஐ.சி. போயிருந்தால் தேசியப் பதிவு இலாகாவுக்கு முதலில் போக வேண்டும். பேரிடரில் இழந்தவர்களுக்குக் கட்டணத் தள்ளுபடி உண்டா என்று கவுண்டரிலேயே கேளுங்கள்.

மனு கொடுப்பதற்கு முன், பணம் வந்து திரும்பிப் போனதா என்றும் பாருங்கள். 12 மாதம் போட்டதும் எடுத்ததும் இல்லாத கணக்கை வங்கி முடக்கிவிடும். பேரன் பத்து வருஷத்துக்கு முன் திறந்து கொடுத்த கணக்கு எண்ணைப் பாட்டி பாரத்தில் எழுதியிருப்பார். முடங்கிய கணக்கை உயிர்ப்பிக்க அவரே ஐ.சி.யோடு கிளைக்குப் போக வேண்டும். வேன் ஒன்று பிடித்து, ஒரே காலையில் எல்லாரையும் கூட்டிப் போய்விடலாம். இன்னும் முடங்காத கணக்குகளில் செப்டம்பரில் ஆளுக்குப் பத்து ரிங்கிட் போட்டு எடுத்து, ரசீதைப் பட்டியலோடு பின் குத்தி வையுங்கள்.